கோட்டுக்கும் ஓர் இலக்கணம்: தொழில்துறை வடிவமைப்பில் வரைவுத் தரநிலைகள்



மொழி மன்றத்தின் பொழிவு வரிசையில் இலக்கியமும் இலக்கணமும் பேசப்படுவதே வழக்கம். வரைபலகையின் முன் வாழ்நாளைக் கழித்தவர்களை இம்மேடைக்கு அழைத்தபோது எங்களுக்கே சற்று வியப்பாக இருந்தது. எண்ணிப் பார்த்தபின் வியப்பு குறைந்தது. நாங்கள் எழுதியதும் ஒரு மொழிதான். அதற்கும் எழுத்துண்டு, புணர்ச்சியுண்டு, வழுவுண்டு. அந்த மொழியில் வழு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதிலிருந்தே தொடங்க விரும்புகிறோம்.

இங்கிருந்து புறப்பட்டு, ஜாலான் புசார் விளையாட்டரங்கைக் கடந்து, சிராங்கூன் சாலையை நோக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஓவன் சாலைச் சந்திப்பு வரும். இன்று அங்கே ஃபார்ச்சூனா ஓட்டல் நிற்கிறது. முன்னர் அவ்விடத்தில் லியான் யாக் கட்டடம் என்னும் ஆறு மாடிக் கட்டடம் நின்றது. தரைத்தளத்தில் வங்கி, மேலே நியூ வேர்ல்டு ஓட்டல். 1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகலில் அது ஒரு நிமிடத்திற்குள் சரிந்து மண்மேடாயிற்று. 33 பேர் மாண்டனர். பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்கள் ஓடிவந்து இடிபாட்டுக்குள் சுரங்கவழி அமைக்க, 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர்.

கூரைமேல் வைத்த குளிரூட்டும் சாதனமா, வங்கியின் பாதுகாப்புப் பெட்டகமா, சுவரில் பதித்த ஓடுகளா என்று பலவும் சந்தேகிக்கப்பட்டன. விசாரணையில் வெளிப்பட்டது வேறு. கட்டடத்தில் குடிபுகும் மனிதர்கள், தளவாடங்கள் ஆகியவற்றின் எடை கணக்கில் இருந்தது. கட்டடத்தின் சொந்த எடை கணக்கில் இல்லவே இல்லை. 1971இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடம், தன்னையே சுமக்க வலுவில்லாத தூண்களின்மேல் பதினைந்து ஆண்டுகள் நின்றிருக்கிறது.

அது கணக்கில் நேர்ந்த பிழை. வரைவுத் தரநிலை இல்லாமையே அதற்குக் காரணம் என்று நாங்கள் சொன்னால் அது மிகையாகும். ஆயினும் அந்த நிகழ்ச்சிக்குப்பின் இந்நாடு செய்த மாற்றத்தைக் கவனியுங்கள். 1989ஆம் ஆண்டின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் செய்த கட்டமைப்பு வடிவமைப்பை அவரோடு தொடர்பற்ற மற்றொருவர், அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர், தனியே ஆராய வேண்டும் என்று விதித்தது. அதாவது, ஒவ்வொரு வரைபடத்திற்கும் இரண்டாவது வாசகர் ஒருவர் கட்டாயமானார்.

இந்த இரண்டாவது வாசகரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். வரைந்தவரை அவர் பார்த்திருக்க மாட்டார். தொலைபேசியில் கேட்கவும் முடியாமற்போகலாம். வரைந்தவர் இறந்தே போயிருக்கலாம். தாளில் உள்ள கோடுகளை மட்டும் கொண்டு, ஐயமின்றி ஒரே பொருளைக் கொள்ளவும், தவறு இருந்தால் "இது தவறு" என்று விரல் வைத்துச் சுட்டவும் அவரால் முடிய வேண்டும். வரைவுத் தரநிலை என்பது அவருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. வரைபவருக்கு அது பெரும்பாலும் தொந்தரவுதான், அதை மறைப்பானேன்?

தமிழாசிரியர்கள் நிறைந்த அவை என்பதால் ஓர் ஒப்புமை சொல்லத் துணிகிறோம். வேற்றுமை உருபு மறைந்து நின்றால் அதை நாம் தொகை என்கிறோம். 'ஊறுகாய்' என்ற வினைத்தொகையில் ஊறிய காயும், ஊறுகின்ற காயும், ஊறும் காயும் ஒருங்கே அடங்கும். மறைத்தலும் பலபொருள் படுதலும் செய்யுளுக்கு அழகு. வரைபடத்தில் இதே செயல் பெருங்குற்றம். அங்கே மறைந்திருப்பதும் வெளிப்பட்டாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு முழுத் தடித்த கோடு; உள்ளே மறைந்திருக்கும் துளைக்கும் பள்ளத்திற்கும் விட்டுவிட்டு வரும் கோடு; மையத்திற்கு நீண்டும் குறுகியும் மாறிவரும் மெல்லிய கோடு. கோட்டின் தடிப்பும் இடைவெளியும் உருபு போலப் பொருள் தருகின்றன. பிரிட்டனில் 1927இல் வெளிவந்த தரநிலை 308 இவ்விதிகளைத் தொகுத்தது. இன்று உலகம் பெரிதும் பின்பற்றுவது ஐஎஸ்ஓ 128 என்னும் தொகுப்பை. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கென்றே இந்தியத் தர அமைவனம் எஸ்பி 46 என்ற கையேட்டை வெளியிட்டுள்ளது. ஆசிரியர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கத் தக்க நூல் அது.

எங்கள் அனுபவத்தில் நேர்ந்த ஒரு தவற்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எழுபதுகளில், ஜாலான் புசாரிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்த லேத் பட்டறையில் நாங்கள் இளம் வரைவாளர்களாக வேலை பார்த்தோம். ஐந்தடி நடைபாதையிலேயே இரும்புத் தண்டுகள் அடுக்கிக் கிடக்கும். ஜப்பானிய இயந்திரம் ஒன்றுக்கான தாங்கியை நாற்பது எண்ணிக்கையில் செய்து தரும் வேலை வந்தது. அவர்கள் தந்த படத்தைச் சுவடுத்தாளில் படியெடுத்தோம். தோற்றங்களை மட்டும் படியெடுத்தோம். மூலையிலிருந்த பெட்டியை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிட்டோம்.

நாங்கள் பள்ளியில் கற்றது முதற்கோண முறை. அதில், பொருளை இடப்புறமிருந்து பார்த்த தோற்றத்தை முன்தோற்றத்தின் வலப்புறத்தில் வரைவார்கள். ஜப்பானியரும் அமெரிக்கரும் கையாண்டது மூன்றாங்கோண முறை. இடப்புறத் தோற்றம் இடப்புறத்திலேயே நிற்கும். இரண்டும் சரியான முறைகளே. எது கையாளப்பட்டது என்பதைத் தெரிவிக்க, நுனி வெட்டிய கூம்பு ஒன்றின் இரு தோற்றங்களைச் சிறு குறியாக அந்தப் பெட்டியில் இடுவது மரபு. நாங்கள் விட்ட பெட்டியில் அந்தக் குறி இருந்தது. நாற்பது தாங்கிகளும் கண்ணாடியில் பார்த்த உருவம்போல் இடவலம் மாறி வந்தன. துளைகள் எல்லாம் மிகத் துல்லியமாக, தவறான பக்கத்தில்.

லேத் பிடித்த பெரியவர், எங்கள் தந்தை வயதினர். "தம்பி, படத்துல கூம்பைக் காணோமேன்னு எனக்குச் சந்தேகம்தான். படிச்ச புள்ளைங்க போட்டது, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். அவர் ஏசியிருந்தால்கூட இத்தனை ஆண்டுகள் நினைவில் நின்றிராது. தவற்றைக் கண்டுபிடிக்கும் அறிவு அவரிடம் இருந்தது. அதைச் சொல்வதற்குரிய ஆதாரத்தை நாங்கள் தாளிலிருந்து நீக்கியிருந்தோம்.

இத்தகைய குழப்பம் சிங்கப்பூரில் அன்று இயல்பாகவே எழக்கூடியது. அறுபதுகளின் இறுதியிலிருந்து அமெரிக்க, ஜெர்மானிய, ஜப்பானிய நிறுவனங்கள் தத்தம் வரைபடங்களோடு இங்கு வந்திறங்கின. பள்ளிகளில் பிரிட்டிஷ் மரபு. தொழிற்சாலைகளில் நான்கு நாட்டு மரபு. 1972இல் இந்தியாவின் டாடா குழுமமும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் இணைந்து பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கின. அடுத்து ரோலாய், பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்களுடன் இணைந்த நிலையங்கள் வந்தன. அங்கே இளைஞர்கள் அச்சுவார்ப்புக் கருவி செய்யவும் இயந்திரம் இயக்கவும் பழகினர். படம் படிக்கத் தெரியாமல் இவற்றில் எதையும் பழக முடியாது. எந்த நாட்டுப் படத்தையும் படிக்கத் தெரிந்த கைகள் இந்நகரில் இருந்ததால்தான் எந்த நாட்டு வேலையும் இங்கு வந்தது என்பது எங்கள் கருத்து. துறைமுகத்தின் சிறப்பைப் பேசுகிற அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை.

அளவு முறைகளின் கதையும் அவ்வாறே. பழைய வன்பொருள் கடைகளில் அரை அங்குலத் திருகாணி கேட்டால், "எந்த அரை அங்குலம்?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். 1841இல் பிரிட்டனில் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. 1864இல் அமெரிக்காவில் செல்லர்ஸ் வகுத்தது 60 பாகை. அரை அங்குல விட்வொர்த் திருகில் ஓர் அங்குலத்திற்கு 12 மரை. அதே பருமனுள்ள அமெரிக்கத் திருகில் 13. ஒன்றன் மரையில் மற்றொன்றைப் பொருத்தினால் ஓரிரு சுற்று இசைந்து போகும். பிறகு இறுகி நிற்கும். பலம் கொண்டு திருகினால் இரண்டும் கெடும். 1904இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் தீப்பற்றி எரிந்தபோது, அண்டை நகரங்களிலிருந்து விரைந்து வந்த தீயணைப்பு வண்டிகளின் குழாய் இணைப்புகள் பால்டிமோரின் நீர்க்குழாய்களோடு பொருந்தவில்லை. ஆளும் வந்தார், வண்டியும் வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. இன்று படத்தில் 'எம்12' என்று எழுதிவிட்டால் போதும்: விட்டம் 12 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.75 மில்லிமீட்டர், கோணம் 60 பாகை என அனைத்தும் அந்தச் சிறு குறிப்பில் அடங்கிவிடும். குறள்போல் சுருக்கம் என்று சொல்லத் தோன்றுகிறது. உரையாசிரியருக்கு உரை வேறுபாடு கொள்ள இடமில்லை என்பதே வேற்றுமை.

நம் மரபில் தரநிலை இருந்ததில்லையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இருந்தது. அரண்மனைக்கு மனை வகுப்போர் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை கண்டு, கயிறிட்டு அளந்ததை நெடுநல்வாடை கூறுகிறது. சுவாமிமலைச் சிற்பிகளிடம் இன்றும் ஒரு வழக்கம் உண்டு. செய்யப்போகும் திருமேனியின் உயரத்திற்குத் தென்னை ஓலையை நறுக்கி, தாளக் கணக்குப்படி அதை மடிப்பார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று மடிப்புகளே சொல்லிவிடும். சாண் உயரச் சிலைக்கும் ஆள் உயரச் சிலைக்கும் கணக்கு ஒன்றே, ஓலைதான் வேறு.

அதைக் காணும்போதெல்லாம் எங்களுக்குப் பெருமையாக இருக்கும். அதன் எல்லையையும் அறிய வேண்டும். ஒடியோலை காப்பது விகிதத்தை. ஒரு சிலையின் கையை இன்னொரு சிலையில் பொருத்த வேண்டிய தேவை சிற்பிக்கு இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை வேலை ஒரே பட்டறையில், ஒரே ஆசானின் பார்வையில் நடக்கிறது. ஐயம் எழுந்தால் திரும்பிக் கேட்டுக்கொள்ளலாம். தொழில்துறையிலோ, ஓரூரில் கடைந்த அச்சு வேறோர் ஊரில் துளைத்த துளைக்குள் சென்று சுழல வேண்டும். விகிதம் மட்டும் அதற்குப் போதாது. பொது அளவும் வேண்டும். அந்த அளவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற வரம்பும் வேண்டும்.

இந்த வரம்பைப் பட்டறைகளில் டாலரன்ஸ் என்பார்கள். வரைவுக் கலையில் மிகுந்த நேர்மை உடைய பகுதி இதுவே என்று நாங்கள் கருதுகிறோம். சரியாகப் பத்து மில்லிமீட்டர் துளை என ஒன்று உலகில் இல்லை. வெட்டும் கருவி தேயும், உலோகம் சூடேறி விரியும். ஆகவே படத்தில் '10 எச்7' என்று எழுதுகிறோம். துளை பத்து மில்லிமீட்டருக்குக் குறையலாகாது, கூடினால் 0.015 மில்லிமீட்டர் வரை கூடலாம் என்பது பொருள். அதனுள் செல்லும் தண்டுக்கு 'ஜி6' என்று எழுதினால், அது 9.986க்கும் 9.995க்கும் இடையில் இருக்க வேண்டும். மிகப் பெரிய தண்டும் மிகச் சிறிய துளையும் சந்தித்தாலும் 0.005 மில்லிமீட்டர் இடைவெளி எஞ்சும். எண்ணெய் பரவும், தண்டு சுழலும். செய்தவர்கள் இருவரும் ஒருவரையொருவர் அறிய வேண்டியதில்லை. வரம்பு குறிக்காத அளவு கைவினைஞரைக் கைவிடும் அளவு. பொருந்தாவிட்டால் பழி அவர்மேல் விழும். அவர் எவ்வளவு விலகலாம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கணினி வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு, இந்நகரோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்வோம். உலகின் முதல் ஏ380 விமானம் 2007 அக்டோபர் 15ஆம் நாள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்து நாள் கழித்துச் சிட்னிக்குப் பறந்தது. முதல் திட்டப்படி அதற்கு முந்தைய ஆண்டிலேயே வந்திருக்க வேண்டியது. தாமதத்தின் முதன்மைக் காரணம் மின்கம்பிகள். ஒரு விமானத்தில் ஓடும் கம்பியின் நீளம் ஏறத்தாழ 530 கிலோமீட்டர். ஜெர்மனியின் வடிவமைப்பாளர்கள் காட்டியா என்ற மென்பொருளின் நான்காம் பதிப்பில் வரைந்தனர். பிரான்சில் ஐந்தாம் பதிப்பு. ஒன்றன் கோப்பு மற்றொன்றில் பிழையின்றித் திறக்கவில்லை. கம்பிகள் எங்கே எவ்வளவு வளையும் என்ற விவரம் இடையில் சிதைந்தது. ஹாம்பர்க்கிலிருந்து துலூஸ் நகருக்கு வந்த கம்பிக்கற்றைகள், உரிய இடத்தில் இணைக்க முயன்றபோது நீளம் போதாமல் நின்றன. இரு தரப்பிலும் சிறந்த கணினிகள், சிறந்த பொறியாளர்கள். எங்கள் நாற்பது தாங்கிகளை நினைத்து அன்று சற்றே ஆறுதலடைந்தோம் என்றால் நீங்கள் மன்னிக்க வேண்டும்.

இனி, எங்களுக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவின் தெருக்களில் கூடும் தமிழகத் தொழிலாளர்களில் பலர் கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் பற்றவைப்போர், குழாய் பொருத்துவோர். இவர்களில் ஆங்கிலக் குறிப்பைச் சரளமாகப் படிக்க இயலாதோர் உண்டு. வரைபடத்தில் "இந்தப் பக்கம் பற்றவைக்கவும், அளவு கீழ்க்கண்டவாறு" என்று நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதினால், அவர் மேற்பார்வையாளரை நோக்கிக் காத்து நிற்க வேண்டும். தரப்படுத்திய குறி இருந்தால் நிலை வேறு. ஓர் அம்பு, ஒரு கிடைக்கோடு, அதன்மேல் ஒரு முக்கோணம். அமெரிக்க முறைப்படி முக்கோணம் கோட்டின் கீழே தொங்கினால் அம்பு சுட்டும் பக்கத்தில் பற்றவைக்க வேண்டும். மேலே நின்றால் மறுபக்கத்தில். ஐஎஸ்ஓ முறையில் துணைக்கோடு ஒன்று அதை உணர்த்தும். புதுக்கோட்டையிலிருந்து வந்தவரும் வங்காளதேசத்திலிருந்து வந்தவரும் அதைப் பொறியாளர் படிப்பதுபோலவே படிப்பர்.

குறி படிக்கத் தெரிந்தவர் மறுத்தும் பேசலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. "ஐயா, படத்தில் இரு பக்கமும் பற்றவைக்கச் சொல்லியிருக்கிறது, நீங்கள் ஒரு பக்கம் போதும் என்கிறீர்களே" என்று ஒரு தொழிலாளர் கேட்க முடிவது சிறிய செய்தியன்று. அவர் கேட்பது தம் சொந்தக் கருத்தையன்று, தாளிலுள்ளதை. அவருக்கு அந்தத் துணிவைக் கொடுப்பது படத்தின் பொதுமை. ஆகவே, இந்தக் குறிகளைத் தமிழில் விளக்கும் எளிய கையேடுகளும் மாலை வகுப்புகளும் பெருக வேண்டும் என்று மொழிக்குத் தொண்டு செய்வோரிடம் வேண்டுகிறோம். கலைச்சொல்லை ஆக்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அது பட்டறைவரை நடந்து போக வேண்டும். மரை, தண்டு, துளை, மட்டம் எனப் பட்டறையிலேயே பிறந்த சொற்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு, எவரும் உச்சரிக்க அஞ்சும் புதுச்சொற்களைப் படைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைச் சொல்லி அமைகிறோம். மாலை வகுப்பு ஒன்றில் நாங்கள் செய்து பார்த்தது. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு பொருளை, பேனாத்தாங்கியையோ கதவுக் கொண்டியையோ, தாளில் வரைய வேண்டும். வலப்பக்கக் கீழ்மூலையில் பெட்டி இட்டு, வரைந்தவர், சரிபார்த்தவர், நாள், அளவுவிகிதம், திருத்த எண், கூம்புக்குறி அனைத்தையும் நிரப்ப வேண்டும். பிறகு தாள்களைக் குலுக்கி மாற்றித் தருவோம். படம் பெற்றவர் அதை அட்டையில் செய்ய வேண்டும். வரைந்தவர் அருகிலேயே அமர்ந்திருப்பார், பேசக் கூடாது.

முதல் முறை, பன்னிரண்டு படங்களில் மூன்றுதான் கருதிய பொருளாக வந்தன. ஒரு மாணவி பேனாத்தாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் படத்தைச் செய்தவனைப் பார்த்து வாயைப் பொத்தியபடி தவித்தாள். அடிப்பலகையின் தடிப்பை அவள் எழுதவே இல்லை. நேரம் முடிந்ததும் அவன் கேட்டது ஒரே கேள்வி: "அடி எவ்வளவுன்னு நீங்க எங்க எழுதியிருக்கீங்க, அக்கா?" அவள் தாளை வாங்கி, சிவப்பு மையால் அந்த எண்ணை எழுதி, திருத்தம் 1 என்று பெட்டியில் குறித்து, நாளிட்டு, 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையொப்பமிடச் சொல்லி அவனிடம் நீட்டினாள்.